போலீஸ் பிடித்தாலே குற்றவாளியா? சாட்ஸ்வர்த்தில் அடிக்கடி கேட்கும் கேள்விகளும் பதில்களும்

சனிக்கிழமை காலைகளில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தின் பின்பக்கம் மேசை போட்டு உட்காருகிறேன். நான் வக்கீல் இல்லை. டர்பன் பக்கத்து நீதிமன்றங்களில் 14 வருடம் தமிழ் மொழிபெயர்ப்பாளராக நின்றவள். வருகிறவர்களின் தாள்களைப் படித்துச் சொல்வேன், எங்கே போக வேண்டும் என்று வழி காட்டுவேன்.

ஒரு முறை ஓர் ஆயா கடைப் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். பேரனின் பள்ளிச் சான்றிதழ்கள், கால்பந்துக் கோப்பையோடு எடுத்த படம், காவடி எடுத்த படம், சாமியாரிடம் வாங்கிய கடிதம் எல்லாம் அதில் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார். "இதையெல்லாம் காட்டினா அவன் நல்ல பையன்னு மாஜிஸ்திரேட்டுக்குத் தெரியும்தானே?" என்றார். பேரன் மேல் இருந்த சார்ஜ் ஒரு கடையில் நடந்த திருட்டு. பேரன் நல்லவன் என்று நிரூபிக்கும் வேலை தன் தலையில் விழுந்துவிட்டதாக நினைத்து, அந்த ஆயா மூன்று வாரமாகத் தூங்கவில்லை. அந்த வேலை அவருடையதே அல்ல. அதைச் சொல்லத்தான் இந்தப் பக்கம். இந்த ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் வீட்டில் மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

குற்றமற்றவர்னு கருதணும்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன?

வழக்கு தொடங்கும்போது தராசு அந்த ஆள் பக்கமே சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். குற்றம் செய்தார் என்று சொல்வது அரசுத் தரப்பு. ஆகவே அதை நிரூபிப்பதும் அவர்கள் பொறுப்பு. குற்றம் சாட்டப்பட்டவர் 'நான் செய்யவில்லை' என்று நிரூபிக்க வேண்டியதில்லை. அரசுத் தரப்பு தன் வேலையை முடிக்காவிட்டால் அவர் வாய் திறக்காமலே வெளியே வரலாம்.

இது ஒருவருடைய குணத்தைப் பற்றிய சான்றிதழ் இல்லை. மாஜிஸ்திரேட் அவரை உத்தமர் என்று நம்ப வேண்டும் என்பதும் இல்லை. யார் மண்வெட்டி பிடிக்க வேண்டும் என்பதைச் சொல்லும் விதி, அவ்வளவுதான். பழைய ரோமச் சட்டத்திலேயே, சொல்கிறவர் நிரூபிக்க வேண்டும், மறுப்பவர் அல்ல என்று இருக்கிறது. தென்னாப்பிரிக்கச் சட்டத்தின் ஒரு வேர் அங்கிருந்துதான் டச்சுக்காரர் வழியாக வந்தது.

இது எங்கே எழுதியிருக்கு? ஸ்டேஷன்ல யாரும் சொல்லலையே

1996ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவில். விசாரணைக்கு வரும் ஒவ்வொருவரையும் குற்றமற்றவராகக் கருத வேண்டும், அவர் மௌனமாக இருக்கலாம், சாட்சி சொல்லாமலும் இருக்கலாம் என்று மூன்றையும் ஒரே வரியில் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். அதே பிரிவில்தான் 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்பதும் இருக்கிறது. அந்த நேரம் வார இறுதியில் முடிந்தால் அடுத்த வேலை நாள் வரை போகும். வெள்ளிக்கிழமை பிடித்தால் திங்கள் ஆகிவிடுவது இதனால்தான். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் லீகல் எய்டைக் கேட்கலாம். புரியாத மொழியில் விசாரணை நடந்தால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். ஆங்கிலம் தெரியும் என்று தலையாட்டிவிட்டுப் பாதி புரியாமல் நின்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த வரி சும்மா வந்துவிடவில்லை. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த நம் முன்னோர் எழுத்துச் சீட்டு இல்லாமல் வெளியே காணப்பட்டால் பிடித்துக்கொண்டு போகலாம் என்று நேட்டாலில், அதாவது நம் மாகாணத்தில், சட்டம் இருந்தது. சீட்டு இல்லையா, ஓடிப்போனவன் என்றே எடுத்துக்கொள்வார்கள். 1963இல் விசாரணையே இல்லாமல் 90 நாள் அடைத்து வைக்கும் சட்டம் வந்தது. 1967இல் வந்த பயங்கரவாதச் சட்டத்தில் நாள் கணக்கே இல்லை. வீட்டுப் பெரியவர்கள் 'போலீஸ் பிடித்தால் முடிந்தது கதை' என்று சொல்வது அறியாமையால் அல்ல. அவர்கள் கண்ட உலகம் அப்படி இருந்தது.

நெருப்பில்லாமல் புகையுமா? ஏதோ செஞ்சிருக்கப் போய்த்தானே பிடிச்சாங்க?

இந்தக் கேள்வியைப் பக்கத்து வீட்டுக்காரர் மட்டுமல்ல, சொந்தத் தகப்பனும் கேட்பார். பிடிப்பதற்குப் போலீஸுக்கு வேண்டியது நியாயமான சந்தேகம் மட்டுமே. தண்டிக்க வேண்டியது அதைவிட எத்தனையோ படி மேலே இருக்கிறது. பெயர் மாறிப் பிடிபட்டவர், சண்டைக்காரர் எழுதிக் கொடுத்த புகாரில் மாட்டியவர், தவறான இடத்தில் நின்றவர் எல்லாரும் அதே புகைக்குள்தான் நிற்கிறார்கள். புகை எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத்தான் விசாரணை.

குற்றமற்றவர்னு கருதினா ஏன் பெயில் தராம உள்ளே வைச்சிருக்காங்க?

நியாயமான கோபம். பெயில் விசாரணை குற்றம் செய்தாரா என்பதைத் தீர்மானிப்பதில்லை. வெளியே விட்டால் ஓடிவிடுவாரா, சாட்சிகளை மிரட்டுவாரா, யாருக்காவது ஆபத்தா என்பதுதான் அங்கே கேள்வி. சாதாரணக் குற்றங்களில் நீதியின் நலன் இடம் கொடுத்தால் விட வேண்டும் என்பதே விதி.

சிக்கல் பெரிய குற்றங்களில் வருகிறது. திட்டமிட்ட கொலை, துப்பாக்கியோடு கொள்ளை மாதிரி குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் ஆறாம் அட்டவணையில் உள்ளவை என்றால், விதிவிலக்கான சூழ்நிலை இருக்கிறது என்று உள்ளே இருப்பவரே காட்ட வேண்டும். பொறுப்பு தலைகீழாகத் திரும்பிவிட்டது போலத்தான் இருக்கும். 1999இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இதைப் பார்த்து, செல்லும் என்று சொல்லிவிட்டது. என் மனதுக்கு இது இன்னமும் கனமாகத்தான் இருக்கிறது. விசாரணைக்காகக் காத்திருந்தே வருடம் ஓடியவர்களை நேரில் பார்த்தவள் நான்.

இரண்டு விஷயம் நினைவில் வையுங்கள். பெயில் விசாரணையில் சொல்வது பின்னால் உங்களுக்கு எதிராகவே வரலாம். ஆகவே வக்கீலோடு பேசாமல் சத்தியக் கடுதாசி எழுதாதீர்கள். அப்புறம், பெயில் பணம் அபராதம் இல்லை. ஒவ்வொரு தேதிக்கும் ஒழுங்காக வந்து, நிபந்தனைகளையும் மீறாமல் இருந்தால், தீர்ப்பு எதுவானாலும் கட்டியவருக்குத் திரும்பக் கிடைக்கும். ரசீதைத் தொலைக்காதீர்கள்.

"நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல்"னா நூற்றுக்கு நூறா?

இல்லை. நூறு என்று வைத்தால் எந்த வழக்கிலும் தண்டனையே வராது. காரணம் சொல்லக்கூடிய சந்தேகம் மிஞ்சினால் விட வேண்டும். கற்பனையில் மட்டும் சாத்தியமானது சந்தேகம் ஆகாது.

ஒரு உதாரணம். இரவு 11 மணி, தெருவிளக்கு இல்லை, 20 மீட்டர் தள்ளி நின்றவர் முகத்தைப் பார்த்ததாக ஒரே ஒரு சாட்சி சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, மனதார நம்புகிறார். ஆனாலும் தவறாகப் பார்த்திருக்கலாம் என்பதற்குக் காரணம் கண்ணெதிரே இருக்கிறது. அதே சாட்சியோடு திருடுபோன வீட்டின் உள்பக்க ஜன்னலில் கைரேகையும் கிடைத்து, அது எப்படி வந்தது என்பதற்கு எந்த விளக்கமும் இல்லை என்றால் கணக்கு மாறிவிடும். யாரும் நேரில் பார்க்காத வழக்குகளுக்கு 1939இல் வந்த ப்ளோம் தீர்ப்பு இன்றைக்கும் அளவுகோல். நிரூபிக்கப்பட்ட விவரங்களிலிருந்து வேறு எந்த நியாயமான முடிவும் வர முடியாது என்றால்தான் குற்றம் என்று சொல்லலாம்.

என் தம்பி சொல்றதை மாஜிஸ்திரேட் நம்பலைன்னா தண்டனைதானே?

இங்கேதான் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நம்ப வைக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. 1937இல் டிஃபோர்ட் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதை இன்றும் வக்கீல்கள் எடுத்துச் சொல்கிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் விளக்கம் நம்ப முடியாததாகத் தோன்றினால் மட்டும் போதாது. தண்டிக்க வேண்டுமானால், அது பொய் என்பதில் நியாயமான சந்தேகமே இருக்கக் கூடாது. உண்மையாக இருக்க நியாயமான வாய்ப்பு இருந்தால் விடுதலை.

அதனால்தான் சொல்கிறேன், கதையை அழகாக்காதீர்கள். கேட்க விநோதமாக இருக்கும் உண்மை தப்பித்துவிடும். கேட்க நன்றாக இருக்கும் பொய் குறுக்கு விசாரணையில் ஒரு இடத்தில் உடைந்தால் மொத்தமும் போய்விடும்.

வாயே திறக்காம இருந்தா தப்பு பண்ணினவன்னு நினைக்க மாட்டாங்களா?

போலீஸிடம் பேசாமல் இருந்ததை வைத்து அவரைக் குற்றவாளி என்று முடிவு கட்டக் கூடாது. பெயரும் முகவரியும் கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும், மற்றதற்கு வக்கீல் வரட்டும் என்று சொல்லலாம்.

விசாரணையில் கொஞ்சம் நுணுக்கம் இருக்கிறது. அரசுத் தரப்பு சாட்சிகள் முடிந்த பிறகு தண்டிக்கப் போதுமான எதுவும் இல்லை என்றால், வக்கீல் அங்கேயே விடுதலை கேட்கலாம். ஆனால் பதில் கேட்கும் அளவுக்கு வலுவான சாட்சியம் எதிரே நிற்கும்போது கூண்டில் ஏறாமல் இருந்தால், அந்தச் சாட்சியம் மறுப்பின்றி நிற்கும். மதகுரு ஆலன் போசக் வழக்கில் 2000இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: பேசாமல் இருக்க உரிமை உண்டு, அதற்கு விளைவே இருக்காது என்று பொருள் இல்லை. இதை வக்கீலோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், மாமா மச்சான் சொன்னதைக் கேட்டு அல்ல.

ஜூரி உண்டா?

இல்லை, 1969இல் எடுத்துவிட்டார்கள். மாஜிஸ்திரேட்டோ நீதிபதியோ முடிவு செய்வார், சில வழக்குகளில் உடன் அமர்பவர்கள் இருப்பார்கள். இதில் ஒரு நன்மை, காரணம் சொல்லித்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்தை வைத்து மேல்முறையீடு செய்யலாம்.

குற்றத்தை ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு வீட்டுக்குப் போகலாம்னு சொல்றாங்க, கையெழுத்துப் போடலாமா?

நிறுத்துங்கள், யோசியுங்கள். மேலே சொன்ன அத்தனை பாதுகாப்பையும் அந்த ஒரு கையெழுத்தில் விட்டுக்கொடுக்கிறீர்கள். ஒப்புதல் அபராதம் கட்டினால் பொதுவாகச் சட்டத்தின் பார்வையில் தண்டிக்கப்பட்டவர்தான். வருடங்கள் கழித்து விசாவுக்கோ வேலைக்கோ போலீஸ் சான்றிதழ் கேட்கும்போது அது எழுந்து வந்து நிற்கலாம். குறிப்பிட்ட சில தண்டனைகளை 10 வருடம் கழித்து நீக்கக் கேட்கலாம், ஆனால் அது தனி விண்ணப்பம், தனி அலைச்சல். செய்யவில்லை என்றால் 'சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்' என்பதற்காகக் கையெழுத்துப் போடாதீர்கள். 'இது என் பெயரில் பதிவாகுமா?' என்று கேட்டுவிட்டுப் பேனாவை எடுங்கள்.

திருட்டு போன் கையில் இருந்தா நான்தான் நிரூபிக்கணுமாமே? அப்போ உங்க விதி எங்கே போச்சு?

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். கோவலன் கதை எல்லாருக்கும் தெரியும். கையில் சிலம்பு இருந்தது, விலை பேசினான், அதுவே போதும் என்று முடித்துவிட்டார்கள். எங்கிருந்து வந்தது என்று அவனையும் கேட்கவில்லை, சொன்ன பொற்கொல்லனையும் கேட்கவில்லை. பொருள் கையில் இருப்பதையே குற்றமாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நெருக்கமான உதாரணம் எனக்குத் தெரியாது.

இந்த நாட்டுச் சட்டப் புத்தகங்களிலும் அப்படிப்பட்ட அனுமானங்கள் நிறைய இருந்தன. அரசியலமைப்பு நீதிமன்றம் அவற்றை ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்தது. அந்த நீதிமன்றம் 1995 ஏப்ரலில் கொடுத்த முதல் தீர்ப்பே இதைப் பற்றியதுதான், ஜூமா வழக்கு. பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜூமா அல்ல, வேறொருவர். மாஜிஸ்திரேட் முன் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் சுயவிருப்பத்தோடு கொடுத்ததுதான் என்று சட்டம் எடுத்துக்கொண்டது. அடித்து வாங்கினார்கள் என்று கைதிதான் நிரூபிக்க வேண்டும். நீதிபதி சிட்னி கென்ட்ரிட்ஜ் எழுதிய தீர்ப்பில் அது செல்லாது என்றானது. அதே வருடம், 115 கிராமுக்கு மேல் டாக்கா (கஞ்சா) வைத்திருந்தால் விற்பவன்தான் என்ற விதி போனது. 1996இல், துப்பாக்கி கிடந்த வண்டியிலோ வீட்டிலோ இருந்த எல்லாரும் அதை வைத்திருந்ததாக எடுத்துக்கொள்ளும் விதி போனது. நண்பன் காரில் லிஃப்ட் கேட்டு ஏறிய பையன்களுக்கு இந்த ஒரு தீர்ப்பு எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் போனுக்கு வருவோம். திருட்டுப் பொருளை வாங்கியவர், விற்றவருடையதுதான் என்று நம்பக் காரணம் இருந்ததாகத் தானே நிரூபிக்க வேண்டும் என்று 1955ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 2000இல் மனமேலா வழக்கில் அதை மாற்றினார்கள். இப்போது நீங்கள் நிரூபிக்க வேண்டாம், ஆனால் சந்தேகம் எழுப்பும் அளவுக்கு ஏதாவது சாட்சியம் முன்னே வைக்க வேண்டும். எங்கே வாங்கினீர்கள், யாரிடம், எவ்வளவுக்கு என்பதைச் சொன்னாலே அது ஒரு தொடக்கம். அப்புறம் அது பொய் என்று காட்டும் பாரம் மீண்டும் அரசுத் தரப்புக்கு.

ஒரு எச்சரிக்கை. அதே சட்டத்தில், திருட்டுப் பொருள் என்று நியாயமாகச் சந்தேகிக்கத்தக்க பொருள் கையில் இருந்து, திருப்தியான விளக்கம் சொல்ல முடியாமல் போனால் அதுவே குற்றம் என்று இன்னொரு பிரிவு உண்டு. அதை 1998இல் நீதிமன்றம் செல்லும் என்று விட்டுவிட்டது. ஆகவே பஸ் நிலையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று போன் வாங்காதீர்கள். வாங்கினால் ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வாங்குங்கள்.

குடிச்சிட்டு ஓட்டினேன்னு பிடிச்சாங்க. ரத்தம் பின்னாடிதானே எடுத்தாங்க, அது செல்லுமா?

ஓட்டி இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்திருந்தால், ஓட்டும்போதும் அதே அளவுதான் இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், எதிர்ச் சாட்சியம் வராதவரை. வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 0.05 கிராம். நேரத்தையும் மாதிரி கைமாறிய விதத்தையும் உங்கள் வக்கீல் கேள்வி கேட்கலாம். மற்றபடி, குடித்தால் ஓட்டாதீர்கள்.

கேஸ் இன்னும் முடியலை, அதுக்குள்ள வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. இது சரியா?

மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் முதலாளி நீதிமன்றத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 35ஆம் பிரிவு குற்றவியல் விசாரணைக்கானது. வேலையிடத்து விசாரணையில் எது உண்மையாக இருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும், சந்தேகத்துக்கு இடமில்லாமல் என்ற உயரம் அங்கே இல்லை. நீதிமன்றம் விடுதலை செய்த பிறகும் வேலை போனது போனதுதான் என்று ஆவதும் உண்டு. ஆனால் விசாரணையே வைக்காமல், உங்கள் பக்கம் கேட்காமல் நீக்கினால் அது வேறு கதை. 30 நாளுக்குள் வேலைத் தகராறுகளைப் பார்க்கும் ஆணையமான சிசிஎம்ஏவுக்குப் போங்கள்.

என்னைக் கேட்காமலே மனைவி பாதுகாப்பு ஆணை வாங்கிட்டாங்க. நான் குற்றமற்றவன் இல்லையா?

குடும்ப வன்முறைச் சட்டத்தில் வரும் இடைக்கால ஆணை தண்டனை இல்லை. உங்களைக் குற்றவாளி என்று அது சொல்லவில்லை, அடுத்த தேதி வரை விலகி இருங்கள் என்கிறது. அந்தத் தேதியில் உங்கள் பக்கத்தைச் சொல்லலாம். ஆணையை மீறினால் அதுதான் குற்றம், அப்போது முதல் பதிலில் சொன்ன விதி முழுதாக உங்களுக்கு வரும். பயத்தோடு வாழும் ஒரு பெண், முழு விசாரணை முடியும்வரை அதே வீட்டில் காத்திருக்க முடியாது. இந்த ஆணை இருப்பது சரி என்றே நான் நினைக்கிறேன்.

கேஸை வாபஸ் வாங்கிட்டாங்க. அப்போ நிரபராதின்னு தீர்ப்பு வந்த மாதிரிதானே?

எப்போது வாபஸ் வாங்கினார்கள் என்று பாருங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டுப் பதில் பதிவாவதற்கு முன்னால் என்றால், சாட்சி கிடைத்தால் மீண்டும் தொடரலாம். பதில் பதிவான பிறகு நிறுத்தினால் விடுதலைதான், அதே குற்றத்துக்கு மறுபடி இழுக்க முடியாது. கையில் உள்ள தாளை எடுத்து வாருங்கள், படித்துச் சொல்கிறேன்.

இன்னொன்று, நீதிமன்றம் 'நிரபராதி' என்று யாருக்கும் பட்டம் கொடுப்பதில்லை. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, போகலாம், அவ்வளவுதான். ஆனால் குற்றமற்றவராகத்தான் உள்ளே வந்தார் என்பதால் அப்படியே வெளியே போகிறார். 'டெக்னிக்கலாத் தப்பிச்சான்' என்று சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம்.

அப்போ பாதிக்கப்பட்டவங்க பொய் சொல்றாங்கன்னு அர்த்தமா?

இல்லவே இல்லை. 2021 ஜூலைக் கலவரத்தில் டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸ் பக்கம் நடந்த கொலைகளுக்குப் பிறகு இந்தக் கேள்வி மண்டபத்தில் கோபத்தோடும் கண்ணீரோடும் வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயை நம்பலாம், அவளோடு நிற்கலாம், நிற்கவும் வேண்டும். கொலை நடந்தது என்பது ஒன்று, இந்த ஆள்தான் செய்தார் என்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் நிரூபிக்கச் சொல்கிறோம். தவறான ஆளைத் தண்டித்தால் அந்தத் தாய்க்கும் நீதி கிடைக்கவில்லை, செய்தவன் வெளியே நடமாடுகிறான்.

வாட்ஸ்அப் குழுக்களில் படம் போட்டு 'கொலைகாரன்', 'திருடன்' என்று அனுப்புவதை நிறுத்துங்கள். தெரிந்ததைப் போலீஸிடம் சொல்லுங்கள். அனுப்பியவர் மேல் அவதூறு வழக்கு வரலாம். பாலியல் குற்றச்சாட்டில், குற்றம் சாட்டப்பட்டவர் நீதிமன்றத்தில் பதில் சொல்வதற்கு முன் அவர் யார் என்று வெளியிடுவதே சட்டவிரோதம்.

என் மகன் செஞ்சதை என்கிட்டயே சொல்லிட்டான். இப்போ அவனுக்கு வக்கீல் வைக்கிறது பாவமா?

இதைக் கேட்ட அம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரலே சிவந்துபோயிருந்தது. பாவம் இல்லை அம்மா. செய்தவருக்கும் விதி அதேதான், அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். கட்சிக்காரர் செய்ததாகச் சொன்ன பிறகு, அவர் செய்யவில்லை என்று பொய்ச் சாட்சியம் கொண்டுவர வக்கீலுக்கு அனுமதி இல்லை. ஆனால் அரசுத் தரப்பின் சாட்சிகளைச் சோதிக்கலாம், சார்ஜ் சரியானதா என்று பார்க்கலாம், ஒப்புக்கொண்டால் என்ன தண்டனை வரும் என்று பேசலாம். அடித்துக்கொண்ட சண்டையைக் கொலை முயற்சி என்று எழுதியிருந்தால் அந்த வித்தியாசத்தில் வருடங்கள் இருக்கின்றன.

ஆனால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். வக்கீலிடம் அவன் சொன்னது வெளியே வராது. உங்களிடம் சொன்னதற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கணவன் மனைவி ஒருவருக்கு எதிராக ஒருவர் சாட்சி சொல்லப் பெரும்பாலும் கட்டாயம் இல்லை, பெற்றோருக்கு அந்த விலக்கு கிடையாது. உங்களைக் கூண்டில் ஏற்றிக் கேட்டால் உண்மையைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே இனி அவனிடம் அந்த ராத்திரியைப் பற்றித் துருவிக் கேட்காதீர்கள். சோறு கொண்டுபோய்க் கொடுங்கள், கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள், மீதியை வக்கீலிடம் பேசட்டும்.